படையலா, கதையா? கதையே!

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அக்காவுக்கும் அண்ணன்மாருக்கும், கோயில் மண்டபம் நிறைய வந்து உட்கார்ந்திருக்கும் ரங்கூன் தமிழ் மக்களுக்கும் வணக்கம்.

"மறைந்த தாயையும் பாட்டியையும் நம்மோடு வைத்திருப்பது வருஷா வருஷம் வைக்கும் படையலா, அவர்கள் வாழ்ந்த கதையா?" என்பது தலைப்பு. கதைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா மனதில் படும்படி பேசினார். திதி என்று ஒன்று இருப்பதால்தான் ஆளுக்கொரு திசையில் கிடக்கும் குடும்பம் ஒரு வீட்டில் கூடுகிறது என்றார். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் குறைந்துபோச்சு, கதை புரியாது, இலையில் வைத்த சோற்றின் வாசனை புரியும் என்றார். செத்துப்போன பெண்ணின் கஷ்டத்தைக் கிளறாதீர்கள், தெய்வமாக வைத்துக் கும்பிடுங்கள் என்று முடித்தார். கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன்.

சரி, படையலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் அப்பாயி, அப்பாவைப் பெற்ற பாட்டி, அவர் திதியன்று வீட்டில் இலை போட்டால், சோறும் சாம்பாரும் இருக்கும், உளுந்து வடை இருக்கும், பேபியோ இருக்கும். முளைகட்டி அவித்த பட்டாணியில் வெங்காயம் வதக்கிப் போட்டு, எண்ணெய் விட்டுப் புரட்டியது. சர்க்கரைப் பொங்கல் இருக்காது. பாயசம் வைத்தால் சீனி போட்ட பாயசம்தான். வெல்லம் சேர்ந்த எதுவும் அந்த இலையில் ஏறாது. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் என் தம்பி மனைவி கேட்டாள்: "என்ன அத்தை, பொங்கல் இல்லாம படையலா?" அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்த மார்ச்சில் நகரமே அவன் கைக்குப் போய்விட்டது. இந்தியாவுக்கு நடந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் அப்பாயிக்கு அப்போது பத்து வயது இருக்கும். அவருடைய அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கினவர். புரோம் ஊர் வரைக்கும் போய், அங்கிருந்து அரக்கான் மலையைத் தாண்டித் தௌங்கப் என்ற ஊருக்குப் போகிற பாதையில் இறங்கினார்கள். தண்ணீர் கிடையாது. வழியெல்லாம் காலரா. அப்பாயியின் அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்த வெல்லக் கட்டிதான் சாப்பாடு, ஆளுக்குக் கொஞ்சம் உடைத்துக் கொடுப்பாராம். அப்பாயிக்கு ஒரு தம்பி, நாலு வயது. மலையில் ஏறும்போதே வயிற்றுப்போக்கு கண்டது. கடைசியாக அவன் வாயில் அப்பாயிதான் ஒரு துண்டு வெல்லம் வைத்தார். அவன் அதை விழுங்கவில்லை. பாதையோரம் கல்லைப் பொறுக்கி மூடிவிட்டு நடந்தார்கள். பின்னால் ஜனம் வந்துகொண்டே இருந்தது, நின்று அழக்கூட இடமில்லை.

அதற்கப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல் அப்பாயி வெல்லத்தைத் தொடவில்லை. பர்மாக்காரர் வீட்டுக்குப் போனால் வெறுந்தேநீரோடு பனைவெல்லம் வைப்பார்கள், அது அவர்கள் மரியாதை. அப்பாயி சிரித்துக்கொண்டே தட்டைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் நகர்த்திவிடுவார்.

நடுவர் ஐயா, அந்த இலையில் எது ஏறலாம், எது ஏறக் கூடாது என்று தீர்மானித்தது யார்? கதை. கதை தெரியாத வீட்டில், அவருடைய படத்துக்கு முன்னாலேயே வெல்லப் பொங்கலைப் பொங்கிவைத்துச் சாப்பிடச் சொல்லியிருப்பார்கள். அக்கா பெருமையாகச் சொன்னாரே, 'அவங்களுக்குப் பிடிச்சதைச் செஞ்சு வைக்கிறோம்' என்று. பிடித்தது எது என்பதே கதைதானே?

அக்காவிடம் இன்னொன்று கேட்கிறேன். அந்த நாலு வயதுப் பையனுக்கு எந்தத் திதியில் படையல் போடுவீர்கள்? செத்த தேதி யாருக்கும் தெரியாது. தேதி தெரியாதவர்களுக்குத்தான் மகாளய அமாவாசை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நாங்களும் அன்றைக்கு அவனுக்காக ஒரு பிடி சோறு வைக்கிறோம். அப்படி ஒரு பையன் இருந்தான் என்பதே எங்களுக்கு எப்படித் தெரிந்தது? அப்பாயி சொன்னதால் தெரிந்தது. அவர் சொல்லாமல் போயிருந்தால் அந்தப் பிடி சோறும் இல்லை. தௌங்கப் பாதையிலும், தாமு வழியாக இம்பால் போன பாதையிலும், வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கிலும் பல்லாயிரம் பேர் விழுந்தார்கள். அவர்களில் எத்தனையோ தாய்மார்கள். எத்தனை பேர் பெயர் இன்று நமக்குத் தெரியும்?

ஆதிகாலத்திலிருந்து நம் வழக்கத்தைத்தான் பாருங்களேன். சங்க காலத்தில் போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டார்கள். கல்லில் அவன் பெயரையும் பெருமையையும் எழுதினார்கள், மயிற்பீலி சூட்டினார்கள், கள்ளும் படைத்தார்கள். யாருக்குப் படைக்கிறோம் என்பது அந்தக் கல்லிலேயே இருந்தது. நம் பாட்டிமாருக்குக் கல் இல்லை. 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர்கள் பத்து லட்சத்துக்கு மேல், ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் நாம்தான். பெரும்பாலும் ஆண்கள். அதனால் எழுதிவைத்த வரலாறு முழுக்க வட்டிக்கடையும் அரிசி மில்லும் துறைமுகமும்தான். 1944இல் நேதாஜியின் ராணி ஜான்சி படைப் பெண்கள் இங்கே ரங்கூனிலும் மேமியோவிலும் முகாம் போட்டிருந்தார்கள், அதில் தமிழ்ப் பெண்கள் நிறைய. கேப்டன் லட்சுமியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். நேதாஜியின் நிதிக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்த பெண்களின் பெயர் எதில் இருக்கிறது? அவரவர் பேத்தி வாயில் இருந்தால் உண்டு.

'கஷ்டத்தைக் கிளறாதே, தெய்வமாக வை' என்ற பேச்சுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு அக்காவோடு பெரிய சண்டை.

கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடிக்கிறோம். "தியாகத்தின் திருவுருவம், பாசத்தின் பிறப்பிடம்" என்று போடுகிறோம். அந்த வரியில் பெயரை மட்டும் மாற்றினால் எந்தத் தாய்க்கும் பொருந்தும். எங்கள் அப்பாயி எந்தத் தாயும் இல்லை. விடியற்காலை பேபியோ விற்றவர். முதல்நாள் இரவே பட்டாணியை ஊறப்போட்டு, ஈரச் சாக்கில் கட்டி முளைவிட வைத்து, அதற்கு முந்தின நாள் கட்டியதை அவித்து, தலையில் தட்டு வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கூவிப் போவார். பால் டின்தான் அளவு. தலை தட்டி அளந்துவிட்டு, பிள்ளை வைத்திருக்கிற பெண்ணாக இருந்தால் விரல் நுனியால் இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுவார். தாத்தாவிடம்கூட வியாபாரக் காசைக் கொடுக்க மாட்டார். சந்தையில் இடத்துக்காக வார்டு தலைவரிடமே நேருக்கு நேர் நின்று பேசி ஜெயித்தவர். காலை விற்பனை முடிந்து வந்தால் பின்படியில் உட்கார்ந்து ஒரு சுருட்டுப் பற்றவைப்பார். முழுச் சுருட்டும் முடிகிற வரைக்கும் யாரும் அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. அந்த ஒரு அரை மணி நேரம்தான் அவருடையது.

தெய்வமாக்கிவிட்டால் அந்தச் சுருட்டை எங்கே வைப்பீர்கள்? மாலை போட்ட படத்தில் அதற்கு இடமில்லை. கதையில் இருக்கிறது. எனக்கு அந்தப் பின்படியில் உட்கார்ந்திருக்கிற அப்பாயிதான் வேண்டும்.

அந்தத் தட்டைத் தலையில் வைத்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1964 மார்ச்சில் ரங்கூனில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தாத்தாவின் சின்ன மளிகைக் கடை ஒரே நாளில் நம்பர் போட்ட மக்கள் கடையாகிவிட்டது. மே 17ஆம் தேதி 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். அப்புறம் கப்பல் கப்பலாக ஜனம் மதராசுக்குப் போனது. அப்பாயியின் அக்காள் குடும்பமும் போனது, இன்றைக்கும் அவர்கள் பிள்ளைகள் தமிழ்நாட்டில் பர்மா காலனியில் இருக்கிறார்கள். எங்கள் வீடு மட்டும் ஏன் போகவில்லை? கப்பலில் இடம் கிடைக்கவில்லை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது நிஜமில்லை. மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார், அவரைக் கப்பலில் ஏற்ற முடியாது. 'முன்னால போனப்ப ஒரு புள்ளயப் பாதையில விட்டுட்டுப் போனோம். இனிமே யாரையும் விட்டுட்டு நான் போக மாட்டேன்' என்று அப்பாயி சொல்லிவிட்டார். மறுவாரம் பட்டாணி வாங்கி ஊறப்போட்டார்.

நடுவர் ஐயா, நான் இந்த மண்டபத்தில் நின்று பேசுவது அந்த ஒரு வார்த்தையால். அது எந்தப் படையல் மந்திரத்திலும் வராது.

பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது என்ற கவலை எனக்கும் உண்டு. அறுபதுகளில் தனியார் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, கோயில் வகுப்பில் படித்ததுதான் பலருக்கும் தமிழ். தமிழ் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும், இந்த மேடையே அதற்காகத்தான் இருக்கிறது. அதற்காக, பிள்ளைக்குத் தமிழ் வரும் வரைக்கும் பாட்டியின் கதை காத்திருக்கணுமா? பர்மியமொழியில் சொல்லுங்கள். என் தம்பி மகனுக்கு நான் அப்படித்தான் சொன்னேன். மலைப்பாதையில் தம்பியைக் கல்லால் மூடிய இடம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு என்ன புரியவில்லை?

குடும்பம் கூடுவதற்குத் திதி வேண்டும் என்றாரே அக்கா, முழுக்க ஒத்துக்கொள்கிறேன். கூடியபின் என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. இலை எடுத்தாச்சு, சாப்பிட்டாச்சு, போன் பார்த்தாச்சு, கிளம்பியாச்சு. அத்தனை பேரும் ஒரு கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற அந்த ஒரு நாளில் அவரைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை என்றால், யாருக்காகக் கூடினோம்?

கதை வெறும் உணர்ச்சி, உபயோகம் என்ன என்று எதிரணி அண்ணன் கேட்டார். இந்த நாட்டில் அந்தக் கேள்விக்கு வலிக்கிற பதில் இருக்கிறது. 1982 குடியுரிமைச் சட்டம் தெரியாத வீடு இந்த மண்டபத்தில் இல்லை. 1948 ஜனவரி 4க்கு முன்னால் நாட்டுக்குள் வந்து குடியிருந்தார்களா என்று கேட்கிறது, ஆதாரம் காட்டச் சொல்கிறது. சண்டையில் போன காகிதம், நெருப்பில் போன காகிதம் எவ்வளவு! 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் டெல்டா பக்கத்து வீடுகளில் காகிதமும் போனது, மாலை போட்ட படங்களும் போயின.

அப்பாயி எழுதப் படிக்கத் தெரியாதவர். சண்டை முடிந்து, புதுக்கோட்டைப் பக்கம் கல்யாணமாகி, புருஷனோடும் மாமியாரோடும் திரும்பக் கப்பலேறி ரங்கூனில் இறங்கியது எந்த வருஷம் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்வார்: 'நாங்க வந்து எறங்கி, தைப்பூசம் கும்பிட்டு, அப்புறம் மழைக்காலத்துலதான் ஆங் சானைச் சுட்டாங்க. தெருவே அழுதுச்சு.' பர்மாவின் விடுதலைத் தலைவர் ஜெனரல் ஆங் சான் கொல்லப்பட்டது 1947 ஜூலை 19. அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான், எந்த வருஷத்துப் பதிவில், எந்த வார்டில் தேடணும் என்று என் அப்பா கண்டுபிடித்தார். பாட்டி சொன்ன கதையை எந்த ஆபீஸும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாது, தெரியும். ஆதாரத்தைத் தேடிப் போக வழி காட்டியது அதுதான். படையல் போட்ட இலை அந்த வழியைக் காட்டியிருக்குமா?

முன்வரிசையில் வெற்றிலை மடித்துக்கொண்டு, நான் பேசுவதற்குத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அந்த ஆத்தாமாரைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். நாற்பத்திரண்டில் சிறுமியாக நடந்த கால்கள் இன்னும் ஒன்றிரண்டு இதில் இருக்கலாம். அறுபத்துநாலில் கப்பல்துறை வரைக்கும் போய் அக்காள் தங்கையை வழியனுப்பிவிட்டுத் திரும்பிய கண்கள் நிச்சயமாக இருக்கின்றன. படையல் போடுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது. கேட்பதற்குத்தான் காலம் கம்மி. பட்டிமன்றம் முடிந்து கைகழுவிச் சாப்பிட உட்காரும்போது அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்தப் பாதையில வந்தீங்க, கூட யார் இருந்தாங்க, யாரை விட்டுட்டு வந்தீங்க என்று கேளுங்கள். சொல்லப்படும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

நடுவர் ஐயா, கதையே என்று தீர்ப்பு சொல்லும்படி எங்கள் அணி சார்பில் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.