முதல் சம்பளம் வரும்வரை

நேயர்களுக்கு வணக்கம். தாராவியில் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளுக்கு ஏசி ரிப்பேர் வகுப்பு நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். நாங்கள் எங்கெங்கே கோட்டை விட்டோம் என்று சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதல் வருஷம் ஒரு பழைய விண்டோ ஏசியை மேசைமேல் வைத்துப் பாடம் எடுத்தோம். ஆர்-22 என்ற பழைய குளிரூட்டும் வாயுவை நிரப்பக் கற்றுக்கொடுத்தோம். பையன்கள் வேலைக்குப் போன வீடுகளில் தொங்கியதோ புது மாதிரி இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி, உள்ளே ஆர்-32 வாயு. அது தீப்பற்றக்கூடிய வாயு. கசிகிற இடத்தில் குழாய் ஒட்டுகிற கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தால் விபரீதம். மூன்றாம் நாளே ஒருவன் திரும்பி வந்து, "சார், நீங்க காட்டின மெஷின் பம்பாய்லயே இல்ல சார்" என்றான். சுருக்கென்றது.

அப்புறம்தான் குர்லாவிலும் அந்தேரியிலும் சர்வீஸ் கடைகளில் ஏறி இறங்கினோம். ஆள் எடுக்கும்போது முதலில் என்ன செய்து காட்டச் சொல்வீர்கள் என்று கேட்டோம். "ஃபிளேர்" என்றார்கள். செம்புக்குழாயின் வாயைப் புனல்போல விரிப்பது. துளி கோணினாலும் கேஸ் நிற்காது. இப்போது எங்கள் முதல் வாரம் முழுக்கச் செம்புக்குழாய்தான்.

சரி, வேலை கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதி சேர்ந்தவனுக்கு அடுத்த மாதம் ஏழாம் தேதிதான் பணம். அதுவரை லோக்கல் ரயில் பாஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் என்ன செய்வான்? வீட்டில் கேட்கக் கூச்சம். நான்காம் வாரம் நின்றுவிடுவான். எங்கள் பட்டியலில் மட்டும் 'வேலை பெற்றவர்' என்று இருப்பான். இப்போது பாஸ் பணத்தைக் கைமாற்றாகக் கொடுக்கிறோம். பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது.

பெண் பிள்ளை சேர்ந்தால் அம்மாவை ஒருநாள் கடைக்கே கூட்டிப்போய்க் காட்டிவிடுவோம்.

அப்ரென்டிஸ், அதாவது தொழில் பழகுநர், என்றால் எடுபிடி என்று பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். அதற்கென்றே 1961ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டம் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்கிற நிறுவனம் அப்ரென்டிஸ் எடுத்தே ஆக வேண்டும், உதவித்தொகையும் தர வேண்டும். கற்கும்போதே கையில் காசு. வகுப்பறையில் நாங்கள் அதைத் தர முடியாது.

வேலையில் சேர்த்துவிட்ட கணக்கை இப்போது எழுதுவதில்லை. ஆறாவது மாதம், இன்னும் வேலையில் இருக்கிறார்களா என்று போன் போட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறோம். போன வாரம் ஒருவனைக் கூப்பிட்டேன். "சார், ஏணி மேல நிக்கிறேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். டிக் போட்டுக்கொண்டேன்.