காவடி போஸ்டரில் ‘டி’ காணாமல் போன கதை

வணக்கம், மொரீஷியஸ் ரோஸ் ஹில்லில் இருந்து பேசுகிறேன். பின்னால் நாய் குரைக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பாருங்கள். போன தைப்பூசத்துக்கு எங்கள் கோயிலுக்காக நான் செய்த ஏ1 போஸ்டர். பெரிய எழுத்தில் என்ன இருக்கிறது? ‘தைப்பூசக் காவ’. அவ்வளவுதான். ‘டி’ வெட்டுக் கத்தியோடு போய்விட்டது. பாட்டி பார்த்துவிட்டு, “ஏன்டா, மீதிக் காவடியை யார் தூக்கிக்கொண்டு போனது?” என்று கேட்டார்.

தப்பு கடைக்காரருடையது இல்லை, என்னுடையதுதான். ஃபைலை நீட்டியதுமே அவர் “ஃபோன் பெர்தியூ இருக்கிறதா?” என்று கேட்டார். பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள், ஆங்கிலத்தில் ப்ளீட். புரியாமலே தலையை ஆட்டிவிட்டேன்.

விஷயம் இதுதான். ஏ1 என்றால் 594க்கு 841 மில்லிமீட்டர். பின்னணி நிறம் சரியாக அந்த அளவிலேயே முடிந்தால், கத்தி ஒரு மயிரிழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அதைத் தவிர்க்கக் கடையில் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டுவார்கள். என் எழுத்தோ ஓரத்தை ஒட்டியே உட்கார்ந்திருந்தது. அப்புறம் என்ன, ‘டி’ போச்சு.

அதனால் நிறத்தை நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளியே இழுத்து விடுங்கள், அதுதான் ப்ளீட். எழுத்தை 20 மில்லிமீட்டராவது உள்ளே வையுங்கள், அந்த இடைவெளிதான் மார்ஜின். இரண்டும் வேறு வேறு: ப்ளீட் வெட்டிப் போடுவதற்கு, மார்ஜின் எழுத்தைக் காப்பாற்றுவதற்கு.

பவர்பாயின்ட்டில் செய்பவர்கள் படம் எதையும் வைப்பதற்கு முன்பே ஸ்லைடு அளவை 60க்கு 84.7 சென்டிமீட்டர் என்று போடுங்கள். ப்ளீட் அதிலேயே அடங்கிவிடும். எல்லாம் செய்து முடித்த பிறகு அளவை மாற்றினால் படமெல்லாம் இடம் மாறும், பொறுமை போய்விடும். வேர்டு இதற்கு ஆகாது. அதில் பக்கம் 22 அங்குலத்தைத் தாண்டாது, 55.88 சென்டிமீட்டர். ஏ2வின் நீளமே 59.4 ஆயிற்றே! வேர்டுதான் தெரியும் என்றால் ஏ3யில் செய்து, 200 சதவீதத்தில் அடிக்கச் சொல்லுங்கள். பக்கங்கள் இரட்டிப்பானால் ஏ3 அப்படியே ஏ1 ஆகும். மார்ஜினும் இரட்டிப்பாகும், அதனால் அங்கே 10 மில்லிமீட்டர் வைத்தால் போதும்.

பிடிஎஃப் ஆக்கும்போது தமிழ் எழுத்துருவைச் சேர்த்தே சேமியுங்கள். இல்லாவிட்டால் கடைக் கணினியில் முருகன் கட்டம் கட்டமாகத் தெரிவார்.

பிரின்ட் செய்யும் இடத்தில் ‘ஃபிட்’ என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். பிரின்டர் தன் ஓரத்துக்கு ஏற்றபடி போஸ்டரைச் சத்தமில்லாமல் சுருக்கிவிடும். ‘ஆக்சுவல் சைஸ்’, 100 சதவீதம், அதுதான் வேண்டும். கடையில் 24 அங்குலச் சுருள் என்றால் அகலம் 610 மில்லிமீட்டர். ப்ளீட்டோடு நம்முடையது 600. இருபுறமும் ஐந்தைந்துதான் மிச்சம். அவர்களுடைய பிரின்டர் ஓரத்தில் அதைவிட அதிகமாக விடுமென்றால் 36 அங்குலச் சுருளில் போடச் சொல்லுங்கள். காகிதம் வீணாகும், ஆனால் ‘டி’ பிழைக்கும்.

வீட்டிலேயே ஏ4 தாள்களில் அடித்து ஒட்டப் போகிறீர்களா? பிடிஎஃப் திறக்கும் அக்ரோபாட் ரீடரில், பிரின்ட் செய்யும் இடத்தில் ‘போஸ்டர்’ பொத்தான் இருக்கிறது. ஏ1க்கு எட்டு ஏ4 என்பது கணக்கில் மட்டும்தான். ஒவ்வொரு தாளிலும் பிரின்டர் ஓரம் விடும், ஒட்டுவதற்கும் இடம் வேண்டும், எட்டு போதவே போதாது. எனக்கு அந்தப் பசை வேலையே பிடிக்காது.

அந்தப் பழைய போஸ்டரைப் பாட்டி தூக்கிப் போட விடவில்லை. பாத்திர அலமாரியில் விரித்திருக்கிறார், ‘காவ’ மேலே தெரியும்படி.