ரத்தம் வந்து சேரும் பாதை

நேயர்களுக்கு வணக்கம்.

31 வருஷம் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நம் திருநெல்வேலி வட்டாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நவீனமாக ஒரு பரிசோதனைப் பிரிவு அமைத்து, அது காலத்துக்கும் ஓட வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மெஷினைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் ஒரு பஸ் பயணம்.

மேற்கே மலையடிவாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே ஒரு பெரியவருக்குக் காலை எட்டரை மணிக்கு எடுத்த ரத்தம், ரெண்டு பஸ் மாறி எங்கள் மேஜைக்கு வரும்போது மணி ஒன்றேகால். பொட்டாசியம் பார்த்தேன், 7.1. அது நிஜமென்றால் இதயம் எந்த நிமிஷமும் நின்று போகலாம். டாக்டருக்கு போன் போட்டோம். பெரியவரை ஆட்டோவில் ஏற்றி அலறியடித்துக் கூட்டி வந்தார்கள். ஈ.சி.ஜி.யில் ஒரு கோளாறும் இல்லை. மறுபடி ரத்தம் எடுத்து உடனே ஓட்டினோம். 4.4.

நடந்தது இதுதான். குழாய் கெட்டுப் போகக்கூடாதே என்று, கொண்டு வந்த தம்பி அதை ஐஸ் கட்டிக்குள் செருகி வைத்திருந்தார். அக்கறையோடு செய்த காரியம். ஆனால் ரத்த அணுக்களுக்குள்தான் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. அதை உள்ளே இழுத்து வைத்திருக்கும் ஏற்பாடு குளிரில் மந்தமாகிவிடும், பொட்டாசியம் வெளியே கசிந்துவிடும். அணுக்களை ஒதுக்கி, சீரம் என்கிற தெளிந்த நீரைப் பிரித்த பிறகுதான் குளிர வைக்கலாம். சர்க்கரையின் கதை நேர்மாறு. குழாயிலிருக்கும் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், நம் ஊர் சித்திரை வெயிலில் இன்னும் கூடுதலாக. சர்க்கரை வியாதி இருக்கிறவரை ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

எவ்வளவு உசத்தியான அனலைசர் வாங்கினாலும், தன் கைக்கு வந்த ரத்தத்தைத்தான் அது அளக்கும். அதனால் என் கணக்கில் புதிய பிரிவின் முதல் செலவு அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இல்லை. சுற்றியுள்ள ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் குழாயைச் சுழற்றி சீரத்தைப் பிரிக்கும் ஒரு சின்ன சென்ட்ரிஃபியூஜ், பிரிந்த சீரம் அணுக்களோடு மறுபடி கலக்காமல் தடுக்கும் ஜெல் உள்ள மஞ்சள் மூடிக் குழாய், அணுக்கள் சர்க்கரையைத் தின்னாமல் தடுக்கும் மருந்துள்ள சாம்பல் மூடிக் குழாய், தெர்மாமீட்டர் வைத்த பெட்டி, நேரத்துக்கு வந்து எடுத்துப் போக பைக்கோடு ஓர் ஆள். இதெல்லாம் பெரிய பணமில்லை.

எந்த மட்டத்தில் எந்தப் பரிசோதனை இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். 2019லேயே பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது. எல்லாவற்றையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுக்க வேண்டியதில்லை. கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி பேட்டரியில் ஓடும், சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று சுமார் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களை நினைத்துப் பாருங்கள். ரிசல்ட் நாளைக்குத்தான் என்று நான் ஒருமுறை சொன்னபோது ஓர் அம்மா கையை விரித்துக் காட்டினார்கள். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. “இன்னைக்கே பீடித் தட்டைத் தொடல ஐயா. நாளைக்கும் வந்தா ரெண்டு நாள் கூலி போச்சுல்லா?” என்றார்கள். அவர்கள் மறுநாள் வரவில்லை. அந்த ரிப்போர்ட் வெகுநாள் எங்கள் டிராயரில் கிடந்தது. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

அடுத்தது கரண்ட். கயத்தாறிலும் ராதாபுரத்திலும் காற்றாலை சுற்றுகிற சீமை இது, வெயிலுக்கும் பஞ்சமில்லை. ஒரு கிலோவாட் சோலார் பலகை நாளுக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கும். மாடி முழுக்கப் போட்டால் லேப், ரீஏஜென்ட் என்கிற பரிசோதனை ரசாயனங்களை வைக்கும் ஃப்ரிட்ஜ், விளக்கு எல்லாம் தாங்கும். அந்த ஃப்ரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய் யாரும் கவனிக்காவிட்டால் திங்கட்கிழமை வேலை படுத்துவிடும். ஆனால் சி.டி. ஸ்கேனை மாடி சோலாரை மட்டும் நம்பி ஓட்ட முடியாது. படம் எடுக்கும் அந்த ஒரு நொடியில் அது இழுக்கிற கரண்ட் அப்படி. எம்.ஆர்.ஐ. வாங்குவதானால் அதன் காந்தத்தைக் குளிர வைக்கும் ஹீலியத்தைப் பற்றிக் கேளுங்கள். பழைய ரகத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும், இப்போது வந்திருக்கும் சில சீல் வைத்த ரகங்களுக்கு 7 லிட்டர் போதும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி ஜங்ஷன் வரை ஏறி வந்தது. ஜெனரேட்டரையும் யு.பி.எஸ்.ஸையும் தரைத்தளத்தில் வைக்கிற பிளானை இனி யாரும் கையெழுத்துப் போட்டு அனுப்பக்கூடாது.

மெஷினுக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நல்ல அனலைசர் ஒன்று சின்னப் பம்ப் ஒன்று வராததால் 19 நாள் துணி போர்த்திக் கிடந்தது. வாரண்டி முடிந்திருந்தது, மராமத்து ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வாங்கும்போதே பத்து வருஷத்துக்கான பராமரிப்பு, உதிரி பாகம், ரீஏஜென்ட் விலை எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். பழுது பார்க்கிற இன்ஜினியர் சென்னையிலிருந்து ரயிலேறி வருவதா, மதுரையிலோ பாளையங்கோட்டையிலோ இருப்பதா என்பதையும் கேட்க வேண்டும். ஒரே மாதிரியைப் பல லேப்களுக்கும் அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கும் வெளித்தரச் சோதனையை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி நடத்துகிறது; அதில் சேர்ந்துவிட்டால், நம் லேபின் கணக்கு மற்ற லேப்களோடு ஒத்துப் போகிறதா என்று தெரிந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பிரிவுக்கு வரைபடம் போடப் போகிற இன்ஜினியர்களிடம் ஒரு வேண்டுகோள். பேனாவை எடுப்பதற்கு முன்னால் ஒருநாள், சட்டைப் பையில் ஒரு மஞ்சள் மூடிக் குழாயோடு பாபநாசத்தில் காலை பஸ் ஏறி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாக வந்து இறங்குங்கள். இறங்கியதும் மணி பாருங்கள், குழாயையும் தொட்டுப் பாருங்கள்.

வணக்கம்.