நிழல் அமைச்சருக்கு என்ன வேலை?

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்திய காலத்தில், பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பாடம் வந்தாலே ஓரிடத்தில் வகுப்பு கலகலத்துவிடும். எதிர்க்கட்சியின் 'நிழல் அமைச்சரவை' என்று கரும்பலகையில் எழுதித் திரும்புவேன். கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும்: "சார், இவங்களுக்குக் கார் உண்டா?" கார் கிடையாது தம்பி என்பேன். தனிச் சம்பளம் உண்டா? அதுவும் கிடையாது. அப்புறம் எதுக்கு சார் அமைச்சர்னு பேரு?

அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி. அதற்குத்தான் இன்று பதில் தேடப்போகிறேன்.

லண்டனில் நாடாளுமன்றக் கீழவையான காமன்ஸ் சபையின் நடுவே ஒரு நீண்ட மேசை. அதன் இரு பக்கமும் இரண்டு மரப்பெட்டிகள். 1941-இல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசி அந்த மன்றம் நாசமானபின், புதிதாகக் கட்டிய மன்றத்துக்கு நியூசிலாந்து கொடுத்த அன்பளிப்பு அவை. ஒரு பெட்டியில் கை வைத்து நிதியமைச்சர் பேசினால், எதிர்ப்பெட்டியில் கை வைத்து நிழல் நிதியமைச்சர் பதில் சொல்வார். உள்துறைக்கு ஒருவர், வெளியுறவுக்கு ஒருவர், கல்விக்கு ஒருவர், போக்குவரத்துக்கு ஒருவர். அரசாங்கத்தில் எத்தனை இலாகா உண்டோ, ஏறக்குறைய அத்தனைக்கும் எதிர்வரிசையில் ஓர் ஆள். அந்த இலாகா சம்பந்தமாக அவையில் எது வந்தாலும் கட்சியின் குரல் அவர்தான். மசோதா வந்தால் வரிவரியாகப் படித்துத் திருத்தம் கொடுப்பதும், அமைச்சர் அறிக்கை வாசித்தால் உடனே எழுந்து மறுமொழி சொல்வதும் அவர் பொறுப்பு. அறிக்கையின் நகல் அவர் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான அவகாசத்தில்தான்.

பட்ஜெட் நாளில் மட்டும் ஒரு வேடிக்கை. அன்று பதில் சொல்வது நிழல் நிதியமைச்சர் அல்ல, எதிர்க்கட்சித் தலைவர். நகலும் முன்கூட்டிக் கிடைக்காது. ஒரு மணி நேரம் காதால் கேட்டு, கேட்டதும் எழுந்து பேச வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பலரும் வருடத்தின் மிகக் கடினமான உரை அதுதான் என்பார்கள்.

'மாட்சிமை தங்கிய மன்னரின் எதிர்க்கட்சி' என்ற சொற்றொடர் 1826-இல் ஹாப்ஹவுஸ் என்ற உறுப்பினர் அவையில் கிண்டலாகச் சொன்னது. அன்று அவை சிரித்தது. 1937-இல் அதே அவை எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசுக் கருவூலத்திலிருந்து ஆண்டுக்கு 2,000 பவுண்டு சம்பளம் என்று சட்டமே போட்டது. அரசாங்கத்தைத் தாக்குவதற்கு அரசாங்கமே சம்பளம்! அப்போது அந்த இடத்தில் இருந்தவர் கிளமென்ட் அட்லி. நம் நாட்டில் எதிர்க்கட்சித் தலைவருக்குச் சம்பளமும் வசதிகளும் தரும் சட்டம் 1977-இல் வந்தது. ஆனால் இலாகாவுக்கு ஓர் ஆள் என்ற ஏற்பாடு இங்கே வேர் பிடிக்கவில்லை. தமிழ்நாட்டில் பாட்டாளி மக்கள் கட்சி நிழல் நிதிநிலை அறிக்கை வெளியிட்டு வந்திருக்கிறது. அந்த யோசனைக்கு நம் பக்கத்தில் மிக நெருங்கிய உறவு அதுதான் என்று தோன்றுகிறது.

சரி, இலாகாவுக்கு ஓர் ஆள் இருந்தால் என்ன கிடைக்கும்? ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன்.

1996 பிப்ரவரி 15. சதாம் உசேனின் இராக்குக்குப் பிரிட்டிஷ் நிறுவனங்கள் ஆயுதத் தளவாடம் விற்ற விவகாரத்தை விசாரித்த நீதிபதி ஸ்காட்டின் அறிக்கை அன்று வெளியாகிறது. ஐந்து தொகுதிகள், சுமார் பத்து லட்சம் சொற்கள். அமைச்சர்கள் கையில் பல நாட்களுக்கு முன்பே இருந்தது. எதிர்க்கட்சிக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அதுவும் ஓர் அறையில், கண்காணிப்பில். பிரதி எடுக்கக் கூடாது. தொழிலாளர் கட்சி சார்பில் அந்த அறைக்குள் போனவர் ராபின் குக்.

இரண்டு மணி நேரத்தில் பத்து லட்சம் சொல்லை எந்தக் கொம்பனாலும் படிக்க முடியாது. குக்கும் படித்திருக்க முடியாது. ஆனால் எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1992-லிருந்து 1994 வரை அவர் வர்த்தக, தொழில் துறையின் நிழல் அமைச்சர். அந்த விவகாரம் வெடித்த நாளிலிருந்து அதைத் தொடர்ந்து வந்தவர். பிறகு நிழல் வெளியுறவு அமைச்சர். ஆயுத ஏற்றுமதிக்கான எந்த வழிகாட்டு நெறியை யார் எப்போது மாற்றினார், அவையில் யார் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் ஏற்கெனவே இருந்தது. அறையிலிருந்து வெளியே வந்து பேசிய பேச்சு அந்த அவையின் மிகச் சிறந்த பேச்சுகளில் ஒன்றாக இன்றும் நினைக்கப்படுகிறது. 11 நாள் கழித்து நடந்த வாக்கெடுப்பில் அரசு தப்பியது ஒரே ஒரு ஓட்டில்: 320-க்கு 319.

என் கடைசி பெஞ்சுப் பையனுக்கு நான் அப்போது சொல்லாமல் விட்ட பதில் இந்த அறைதான். எல்லாரும் எல்லாவற்றையும் பற்றிக் கத்துகிற எதிர்க்கட்சியில் அந்த அறைக்குள் அனுப்ப ஆள் இருக்காது.

இலாகா கையில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அதுவும் ஆபத்து. 1992 தேர்தலுக்கு முன் தொழிலாளர் கட்சியின் நிழல் நிதியமைச்சர் ஜான் ஸ்மித் ஒரு நிழல் பட்ஜெட் வெளியிட்டார். யாருக்கு எவ்வளவு வரி கூடும் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். எதிரணிக்கு வெறும் வாயில் அவல் விழுந்த மாதிரி. 'வரி குண்டு' என்று ஏற்கெனவே சுவரொட்டி ஒட்டியிருந்தவர்களுக்கு இன்னும் வசதி. கட்சி தோற்றது. ஸ்மித்துக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த கார்டன் பிரவுன் ஐந்து வருடம் வாயைக் கட்டினார். 1997 தொடக்கத்தில், ஆட்சிக்கு வந்தாலும் வருமான வரி விகிதத்தைக் கூட்ட மாட்டோம், இரண்டு வருடத்துக்கு இப்போதைய செலவு வரம்பைத் தாண்ட மாட்டோம் என்று அறிவித்தார். மே 1-இல் தேர்தல். மே 6-இல், நிதியமைச்சராகப் பதவியேற்ற சூடு ஆறுவதற்குள், வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கிக்கே கொடுத்துவிட்டதாக அறிவித்தார். ஐந்து நாளில் யோசித்து முடிக்கிற சமாசாரமா அது? எதிர்வரிசையில் இருந்தபோதே தயாரான திட்டம். இந்த மௌனம் ஜனநாயகத்துக்கு நல்லதா என்று கேட்டால், எனக்கு உறுத்தல் உண்டு. அந்த மாற்றத்தைப் பற்றி வாக்காளரிடம் யாரும் விவரமாகச் சொல்லி ஓட்டுக் கேட்கவில்லை.

ஒரே இலாகாவில் ஐந்து வருடம் பிரவுனுக்கு வாய்த்தது. பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சருக்கு வாய்க்கவில்லை. 1964-லிருந்து 1970 வரை அவருடைய கன்சர்வேடிவ் கட்சி எதிர்வரிசையில் இருந்த ஆறு வருடத்தில் அவர் பார்த்த இலாகாக்கள் ஓய்வூதியம், வீட்டுவசதி, கருவூலம், எரிசக்தி, போக்குவரத்து, கல்வி. ஒரு பாடம் பிடிபடுவதற்குள் அடுத்த பாடம். வீணாகப் போகவில்லை என்பது வேறு கதை.

இலாகா என்றால் வேலியும் உண்டு. 1968 ஏப்ரல் 20-இல் பர்மிங்காமில், குடியேறிகளுக்கு எதிராக ஈனக் பவல் பேசிய பேச்சு பிரிட்டனையே உலுக்கியது. அப்போது அவர் அதே கன்சர்வேடிவ் கட்சியில் பாதுகாப்புத் துறையின் நிழல் அமைச்சர். குடியேற்றம் குவின்டின் ஹாக் பார்த்துவந்த உள்துறை விஷயம். பேசப்போவதாகச் சகாக்களிடம் பவல் மூச்சுவிடவில்லை. மறுநாளே தலைவர் எட்வர்ட் ஹீத் அவரை நீக்கினார். இனவெறித் தொனி என்பதுதான் சொன்ன காரணம். ஆனால் அடுத்தவர் வயலில் சொல்லாமல் ஏர் ஓட்டியதும் ஹாக்குக்குத் தாங்கவில்லை.

இத்தனைக்கும் ஆள் பலம் சொற்பம். அமைச்சருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான அதிகாரிகள். நிழல் அமைச்சருக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய உதவியாளர்கள். 1975-இலிருந்து எதிர்க்கட்சிகளின் அவைப் பணிக்காக அரசு பணம் கொடுக்கிறது. அதைக் கொண்டுவந்த எட்வர்ட் ஷார்ட் பெயரால் அதற்கு 'ஷார்ட் மணி' என்றே பெயர். 'ஷார்ட்' என்றால் பற்றாக்குறை என்று பொருள்கொண்டு அங்கே சிரித்துக்கொள்வோரும் இருப்பார்கள்.

பணப் பற்றாக்குறையைவிட மோசம் ஆள் பற்றாக்குறை. 2024-இல் கன்சர்வேடிவ் கட்சிக்குக் கிடைத்தது 121 இடம். அதற்குள்தான் எல்லா இலாகாவுக்கும் ஆள் தேட வேண்டும். 2016 ஜூனில் நடந்தது இன்னும் விசித்திரம். தொழிலாளர் கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின்மேல் நம்பிக்கை இல்லை என்று நிழல் அமைச்சர்கள் ஒருவர்பின் ஒருவராக ராஜினாமா செய்தார்கள். மணிக்கு ஒரு கடிதம் என்கிற கணக்கு. நாற்காலிகள் காலி. கோர்பின் கூப்பிட்டவர்களில் ஒருவர் பால் ஃபிளின், வயது 81. கால் நூற்றாண்டாகப் பின்வரிசையில் இருந்தவர். வேல்ஸ் விவகாரம், அவை அலுவல் என்று இரண்டு பொறுப்பு அவர் தலையில்.

அவை அலுவலுக்கான நிழல் அமைச்சர் வியாழக்கிழமைதோறும் எழுந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது மரபு. அந்தக் கோடையில் அதே மேசைக்கு முன்னே, அதே பெட்டிக்குப் பக்கத்தில், 81 வயதுப் பெரியவர் எழுந்து நின்று அரசாங்கத்தைக் கேட்டார்: அடுத்த வாரம் அவையில் என்ன அலுவல்?

வணக்கம்.