எடி ராபின்சனின் பெருமை களத்திலேதான்

நடுவர் அவர்களுக்கும், இரு அணிப் பேச்சாளர்களுக்கும், அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

தலைப்பை ஒரு முறை நினைவில் வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கிராம்ப்ளிங் என்ற சிற்றூரில், கறுப்பின மாணவர்களுக்கான ஒரு கல்லூரி. அங்கே 1941 முதல் 1997 வரை அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர் எடி ராபின்சன். அவர் பெருமை பெரிதும் நிற்பது ஒழுக்கம் ஊட்டிய பண்பிலா, ஆட்டம் கற்பித்த திறமையிலா என்பதே கேள்வி. திறமையில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். ராபின்சன் காலையில் விடுதிக்குள் மாட்டுமணியை ஆட்டிக்கொண்டே போய்ப் பிள்ளைகளை எழுப்பினார், வகுப்புக்கு அனுப்பினார், டை கட்டப் பழக்கினார், கறுப்பர்களுக்குச் சாப்பாடு தராத உணவகங்களைத் தாண்டிப் பயணம் போகும்போது கையாலேயே சாண்ட்விச் செய்து கொடுத்தார் என்றார். அத்தனையும் உண்மை. ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, அந்த நாட்டில் அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பயிற்சியாளரை 'நல்ல மனிதர்' என்று சொல்ல யாரும் தயங்கியதில்லை. 'ஆட்டம் தெரிந்தவர்' என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. நாமும் இன்று அதே வரிசையில் போய் நிற்க வேண்டுமா?

அவருடைய தொழிலைப் பார்ப்போம். அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம். ஓர் அணிக்கு 11 பேர். 4 முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ராபின்சன் நம்பியது விங்-டி என்ற அமைப்பு. பந்தோடு ஓடும் ஓட்டக்காரர்களில் ஒருவரை, எதிரணிக்கு நேரே நிற்கும் முன்வரிசையான கோட்டின் ஓரத்தில், கடைசி ஆளுக்கு ஒரு யார்டு வெளியே, சற்றுப் பின்னால் நிறுத்துவார்கள். அவர்தான் அந்த 'விங்'. இந்த அமைப்பின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? ஒரே அசைவு, மூன்று முடிவு.

பந்து கைக்கு வந்ததும், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் எதிரணிக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறார். அவருக்குப் பின்னால் நடுவில் நிற்கும் ஃபுல்பேக் என்ற ஓட்டக்காரர், பந்து கிடைத்துவிட்டதுபோல் வயிற்றை மூடிக்கொண்டு நேராகப் பாய்கிறார். அவருக்குப் பின்னால் இன்னோர் ஓட்டக்காரர் வெளிப்பக்கம் வளைந்து ஓடுகிறார். பந்து இருவரில் யாரிடமும் இருக்கலாம். இருவரிடமும் இல்லாமல், குவார்ட்டர்பேக்கே அதை இடுப்போரம் மறைத்து வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடி எறியவும் செய்யலாம். பந்து வெளிப்பக்கம் போகும் ஆட்டத்தில் கோட்டில் நடு ஆளுக்கு இருபுறமும் நிற்கும் கார்டு என்ற இரண்டு தடுப்பாளர்களும் தம் இடத்தை விட்டு விலகி அதே பக்கம் ஓடுவார்கள். முதல் கார்டு ஓரத்தில் நிற்கும் எதிரியை வெளியே தள்ளுவார். இரண்டாமவர் அந்த இடைவெளிக்குள் நுழைந்து ஓட்டக்காரருக்கு வழி திறப்பார்.

எழுதிக் காட்டினால் எளிது. கெட்டுப்போகும் இடங்கள்தான் ஏராளம். விலகி ஓடப்போகும் கார்டு, பந்து நகர்வதற்கு முன்பே தரையில் ஊன்றிய விரல்களிலிருந்து எடையைப் பின்னுக்கு எடுத்தால் போதும், எதிரே நிற்பவர் திசையைப் படித்துவிடுவார். கார்டு மிக ஒட்டி ஓடினால் பாய்ந்து வரும் ஃபுல்பேக்கின் மேல் மோதுவார். மிகத் தள்ளி ஓடினால் ஓட்டக்காரர் அவருக்கு முன்னால் போய்த் தனியாக மாட்டிக்கொள்வார். பந்து கிடைக்காத ஃபுல்பேக் 'எனக்குத்தான் இல்லையே' என்று வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் நடுவில் நிற்கும் எதிரி ஏமாற மாட்டார், ஓரத்துக்கு ஓடிவிடுவார். 11 பேரில் ஒருவர் அரை நொடி பிசகினால் தந்திரம் முழுவதும் வீண். அதனால்தான் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட வைப்பது இந்த முறைக்கு அடிப்படைத் தேவை. அடி மேல் அடி வைத்தால்தானே அம்மி நகரும்!

ஒரு சிறு கல்லூரிக்கு இந்த முறை ஏன் பொருந்தும் என்பதையும் கவனியுங்கள். ஆளை நேருக்கு நேர் தள்ள 120 கிலோ எடை வேண்டும். பக்கவாட்டுக் கோணத்தில் வந்து இடிக்க அவ்வளவு எடை வேண்டாம். சரியான காலடியும் சரியான நேரமும் இருந்தால் போதும்.

வேலையில் சேர்ந்தபோது ராபின்சனுக்கு வயது 22. முதல் ஆண்டில் 3 வெற்றி, 5 தோல்வி. அடுத்த ஆண்டு, 1942இல், 9 ஆட்டம், 9 வெற்றி, எதிரணிகள் எடுத்த புள்ளி பூஜ்யம். ஒழுக்கம் ஓர் ஆண்டில் அப்படிப் பெருகிவிடுமா? ஆட்டம் அப்படித் திருந்தும்.

டேங்க் யங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டில் நின்று ஆளைத் தள்ளும் டேக்கிளாக வந்த பிள்ளை. அந்த உடம்பில் ஓட்டம் இருப்பதைக் கண்டு அவரை ஃபுல்பேக் ஆக்கியவர் ராபின்சன். 1949இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி அவரை எடுத்தது. கறுப்பினக் கல்லூரியிலிருந்து என்எஃப்எல் என்ற முதன்மைத் தொழில்முறை லீகுக்குப் போன முதல் ஆள் அவர். 1963இல் பக் புக்கானன், அதற்குப் போட்டியாக இருந்த ஏஎஃப்எல் லீகின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக எடுக்கப்பட்டார். ராபின்சனிடம் பயின்ற 200 பேருக்கு மேல் தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். நடுவர் அவர்களே, தொழில்முறை அணியின் பயிற்சி முகாமில் யாரும் நடத்தைச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆளைத் தடுக்கத் தெரியவில்லையென்றால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள்.

எதிரணியில் ஒரு நண்பர், 'ராபின்சனுக்கு மொத்தம் 408 வெற்றி என்கிறீர்களே, எல்லாம் சின்னக் கல்லூரிகளுக்கு எதிராகத்தானே' என்றார். பெரிய வெள்ளையர் கல்லூரிகளோடு ஆட அவருக்கு யார் வாசலைத் திறந்தார்கள்? தெற்கில் பல பத்தாண்டுகள் அந்த வாசல் பூட்டியே இருந்தது. இன்னொருவர், 'கடைசி 3 ஆண்டும் தோல்வி அதிகம்தானே' என்றார். உண்மைதான், வலிக்கிற உண்மை. ஆனால் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1960களின் பிற்பகுதியிலிருந்து தெற்கின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களை எடுக்கத் தொடங்கின. முன்பு கிராம்ப்ளிங்கைத் தவிர வேறு போக்கில்லாத பிள்ளைகளை, பெரிய மைதானமும் பெரிய பணமும் தொலைக்காட்சியும் உள்ள இடங்கள் அழைத்துக்கொண்டன. அந்த நிலையிலும் அவர் 1985இல் டாலஸில் 324ஆவது வெற்றி பெற்று, அலபாமா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பேர் பிரையன்ட் வைத்திருந்த அதிக வெற்றிச் சாதனையைக் கடந்தார்.

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். குவார்ட்டர்பேக் இடம். களத்தில் முடிவெடுக்கும் மூளை அதுதான். கறுப்பினத்தவருக்கு ஓடத் தெரியும், யோசிக்கத் தெரியாது என்பது அன்றைய தொழில்முறை அணிகளின் நினைப்பு. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்த கறுப்பின இளைஞரை எடுத்தவுடன் பந்து பிடிப்பவராகவோ பின்களத் தடுப்பாளராகவோ மாற்றிவிடுவார்கள். இந்த அவமதிப்புக்கு எதிராகக் கூட்டம் போட்டுப் பேசலாம், பேசவும் வேண்டும். ராபின்சன் அதைப் பயிற்சித் திடலில் எதிர்கொண்டார்.

ஜேம்ஸ் ஹாரிசை அவர் பின்வாங்கி நின்று களத்தைப் படித்து எறியும் வீச்சாளராகவே வளர்த்தார். அந்த வேலை என்ன? பந்து வந்ததும் 5 அல்லது 7 காலடி பின்வாங்க வேண்டும். பின்வாங்கும்போதே எதிரணியின் கடைசித் தடுப்பாளர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று பார்க்க வேண்டும். பின்கால் ஊன்றும் கணத்தில் கை கிளம்ப வேண்டும். பிடிப்பவர் திரும்பிய பிறகு எறிந்தால் தாமதம், பந்து எதிரியின் கைக்குப் போகும். இதைப் பழகிய ஹாரிஸ் 1969இல் பஃபலோ பில்ஸ் அணியில் சேர்ந்து, பருவத்தின் முதல் ஆட்டத்தையே குவார்ட்டர்பேக்காகத் தொடங்கினார். அதற்கு முன் எந்தக் கறுப்பினத்தவருக்கும் கிடைக்காத இடம் அது. அவருக்குப் பின் கிராம்ப்ளிங்கிலிருந்து டக் வில்லியம்ஸ். 1978இல் என்எஃப்எல் தேர்வின் முதல் சுற்றிலேயே, 17ஆவதாக, டாம்பா பே அணி அவரை எடுத்தது.

1988 ஜனவரி 31. என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல். வாஷிங்டன் அணி டென்வரிடம் 0–10 என்று பின்தங்கியிருக்கிறது. வில்லியம்ஸுக்கு முழங்காலில் அடி. வெளியே போய்த் திரும்புகிறார். இரண்டாம் கால்பகுதியில் மட்டும், பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்க்கும் டச்டவுன் வீச்சுகள் 4, அணிக்கு 35 புள்ளிகள். முடிவு 42–10. சூப்பர் பௌலில் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கிய முதல் கறுப்பினத்தவர், அன்றைய சிறந்த ஆட்டக்காரர்.

எதிரணியிடம் ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன். அந்த 15 நிமிடத்தில், அடிபட்ட காலோடு, எந்தத் தடுப்பாளர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்துப் பார்த்து எறிந்தாரே வில்லியம்ஸ், அந்தப் பார்வையை அவர் விடுதி மணியிலிருந்தா கற்றார், கிராம்ப்ளிங் திடலிலிருந்தா? பதில் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.