‘அவர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ‘உமது’ என்று சொன்ன இடம்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்றைக்கு ஒரே ஒரு வசனம்தான், அதுவும் நம்மில் பலருக்கு மனப்பாடமானது. “நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே, அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை.” காலண்டரில் பார்த்துப் பார்த்து, நிம்மதியான ஒரு காலை நேரத்தில் யாரோ எழுதியது என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

இது வேதாகமத்தில் புலம்பல் என்கிற புத்தகத்தில், 3ம் அதிகாரம் 22ம் வசனம். எருசலேம் விழுந்தது கி.மு. 586 வாக்கில். யூதாவை ஆண்ட சிதேக்கியா ராஜாவின் 9ம் வருஷத்தில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் முற்றுகை போட்டான், 11ம் வருஷத்தில் மதில் உடைந்தது, அப்புறம் ஆலயத்தையும் எரித்துவிட்டார்கள். குழந்தையின் நாக்கு தாகத்தால் மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது என்று 4ம் அதிகாரத்தில் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக எனக்கு இன்னும் நேரமாகும். அந்த ஊரின் சாம்பலுக்கு நடுவில் இருந்துதான் இந்த வசனம் வருகிறது.

3ம் அதிகாரத்தை மட்டும் தனியாக வாசித்துப் பாருங்கள். எபிரெயத்தில் 22 எழுத்து, எழுத்துக்கு மூன்று வசனம், மொத்தம் 66. அழுகையைக்கூட அகரவரிசையில் ஒன்று விடாமல் சொல்லித் தீர்க்கிறார் மனுஷர். தொடக்கத்தில் எல்லாமே ‘அவர்’தான்: அவர் என்னை இருளில் நடத்தினார், என் ஜெபத்துக்கு வழியை அடைத்தார், பருக்கைக் கல்லால் என் பல்லை நொறுக்கினார். பக்கத்து வீட்டுக்காரரிடம் கடவுளைப் பற்றிப் புகார் சொல்வது மாதிரி. 18ம் வசனத்தில் நம்பிக்கையே போய்விட்டது என்கிறார். 19ல் “நினைத்தருளும்” என்று முகம் லேசாகத் திரும்புகிறது. 23க்கு வரும்போது, “அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது.” உமது! யாரைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தாரோ அவரிடமே பேச ஆரம்பித்துவிட்டார், நகரம் இன்னும் இடிந்துதான் கிடக்கிறது.

கிருபை என்று நாம் வாசிக்கிற இடத்தில் மூலத்தில் இருப்பது ஹெசெத். உடன்படிக்கை செய்தவர் கைவிடாமல் காட்டுகிற அன்பு, அதுவும் இங்கே பன்மையில், கிருபைகள். திட்டுகிறவனையும் விட்டுப் போகாத அன்பு என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ராத்திரிகளில் எனக்கு ஜெபம் வரவே இல்லை. வெளியே அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து போனில் 8ம் வசனத்தை வாசித்தேன், “நான் கூப்பிட்டுக் கதறினாலும்” என்று ஆரம்பிக்குமே, அது. என் மனசில் இருந்ததை வேதமே சொல்லிவிட்டது. அழுதேன். அப்புறம் தரை துடைக்கிற அம்மா வந்து காலைத் தூக்கச் சொன்னார்கள், ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது, அப்பா இன்னும் கண் திறக்கவில்லை. காலைத் தூக்கியபடியே “உமது” என்று மட்டும் சொன்னேன், மீதி வார்த்தை வரவில்லை.