உள்ளே ஒன்றுமில்லாத தூள்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சின்னக் குப்பி இருக்கிறது. கையில் எடுத்தால் காலிக் குப்பியோ என்று தோன்றும், அவ்வளவு லேசு. உள்ளே இருப்பது வெள்ளைத் தூள். முகக்கவசம் போடாமல் அதன் மூடியைத் திறக்க யாரையும் விடமாட்டேன். மூச்சுக் காற்றுக்கே பறந்துவிடும். அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஓர் உருண்டை, உருண்டைக்குள் வெறும் இடம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர். இந்த உருண்டைகள் 200, 300 நானோமீட்டர் இருக்கும்.

இவற்றை எப்படிச் செய்கிறோம்? முதலில் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் குட்டி மணிகள். தண்ணீரில் கலந்தால் பால் போலவே இருக்கும். அந்த மணிகளின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொருளைப் பூசி, உலையில் 500 டிகிரிக்குச் சூடேற்றுவோம். பிளாஸ்டிக் எரிந்து, ஓட்டின் நுண்துளைகள் வழியே வாயுவாகப் போய்விடும். ஓடு மட்டும் நிற்கும். இதில் அவசரமே கூடாது. வேகமாகச் சூடேற்றிய ஒரு தடவை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தேன்: எல்லாம் உடைந்த முட்டை ஓடுகள். அதன் பிறகு நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான்.

இந்தத் தூளைத் தண்ணீரில் கலந்து ஒளி பாய்ச்சுவது நீரைச் சுத்தமாக்கத்தான். சரி, நடுவில் ஏன் காலியாக இருக்க வேண்டும்? கெட்டியான உருண்டையில் தண்ணீர் தொடுவது வெளிப்புறத்தை மட்டும்தான். உள்ளே இருக்கும் பொருள் வீண். நடுவை எடுத்துவிட்டால் உள்சுவரும் வேலைக்கு வந்துவிடுகிறது. உள்ளே நுழையும் ஒளியும் சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்புவதால், முதல் தடவை தப்பிய ஒளி அடுத்த தடவை பயன்படும்.

ஆர்சனிக் என்ற நஞ்சைத் தண்ணீரிலிருந்து நீக்குவதில் இந்த ஒளிக்கு ஒரு முக்கியமான வேலை உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. நிலத்தடி நீரில் அது இரண்டு வடிவங்களில் வருகிறது. மின்னூட்டம் உள்ள வடிவத்தை இரும்பு ஆக்சைடு, அதாவது துரு போன்ற பொருள், இறுகப் பிடித்துக்கொள்ளும். மின்னூட்டம் இல்லாத இன்னொன்று, நஞ்சும் அதிகம், பிடியிலிருந்து நழுவுவதும் அதிகம். புற ஊதா ஒளி பட்ட டைட்டானியம் டை ஆக்சைடு இரண்டாவதை முதலாவதாக மாற்றிவிடும். அப்புறம் இரும்பு ஆக்சைடு அதைப் பிடித்துக்கொள்ளும்.

மருத்துவத்தில் இதே காலி இடம் மருந்துப் பெட்டி. டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து வலுவானது, ஆனால் இதயத்தைக் கெடுக்கும். அதைக் கொழுப்பாலான சுமார் 100 நானோமீட்டர் கூட்டுக்குள் வைத்த டாக்ஸில் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 1995-ல் அனுமதி கிடைத்தது. மருந்தை அதற்குள் ஏற்றும் விதம் எனக்கு இன்றும் வியப்பு. கூட்டுக்குள் முதலில் அம்மோனியம் சல்பேட் கரைசல் இருக்கும். வெளியே உள்ள மருந்து தானாகச் சுவரைக் கடந்து உள்ளே போய், அந்தச் சல்பேட்டோடு சேர்ந்து படிகமாகிவிடும். படிகமான பிறகு எளிதில் வெளியே வர முடியாது. உறையவைத்துப் பார்த்த நுண்ணோக்கிப் படங்களில் ஒவ்வொரு கூடும் ஒரு காப்பிக்கொட்டை போலத் தெரியும். இதயத்தின் சுமை குறைந்தது உண்மை. ஆனால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரியும் புதுத் தொல்லை சிலருக்கு வருகிறது. அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

தண்ணீருக்குத் திரும்புகிறேன். இவ்வளவு சிறிய தூளை வேலை முடிந்ததும் வெளியே எடுப்பதே பெரும்பாடு. காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு என்றால் குப்பியின் பக்கத்தில் ஒரு காந்தத்தை வைத்தால் போதும்; பழுப்பு நிறம் மெல்ல நகர்ந்து கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் தெளிந்துவிடும். காரக் கரைசலில் கழுவினால் தூளை மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் ஆர்சனிக் எங்கும் போய்விடவில்லை, கழுவிய நீரில்தான் இருக்கிறது. அதை மண்ணில் கொட்டினால் மெல்ல நிலத்தடிக்கே இறங்கும். ஆர்சனிக் வடிகட்டி வாங்கப் போகிறவர்கள் நிரம்பிய தூளை யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், அதை எங்கே கொண்டு வைப்பார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.